மார்கரெட் கடந்து வந்த கைகள்

1970-இல் அந்தப் புத்தகம் அச்சாகி வந்ததும் அதை எழுதியவர் மூன்று பிரதிகளை எடுத்துக்கொண்டுபோய்த் தம் பிள்ளைகள் படித்த தொடக்கப் பள்ளிக்குக் கொடுத்தார். எழுதியவர் ஜூடி ப்ளூம். வயது 32. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், நியூயார்க்கை ஒட்டிய புறநகர் ஒன்றில் குடியிருந்த இரண்டு குழந்தைகளின் தாய். புத்தகத்தின் பெயர் 'ஆர் யூ தேர் காட்? இட்ஸ் மீ, மார்கரெட்'. மூன்று பிரதிகளில் ஒன்றுகூட நூலக அலமாரிக்குப் போகவில்லை. கதையில் மாதவிடாய்ப் பேச்சு வருகிறது, பள்ளியில் வைக்க முடியாது என்று தலைமையாசிரியர் மறுத்துவிட்டார். அதே பள்ளியில் ஐந்தாம் வகுப்பு, ஆறாம் வகுப்புச் சிறுமிகள் சிலருக்கு அது ஏற்கெனவே வந்துவிட்டிருந்தது. அந்த ஆண் தலைமையாசிரியருக்கு அது ஒரு பொருட்டாகப் படவில்லை.

புத்தகத்தின் பயணம் இப்படி ஒரு மூடிய கதவின் முன்னால்தான் ஆரம்பித்தது. இரவு நேரத்தில் ஒரு பெண் தொலைபேசியில் அழைத்து, அந்தப் புத்தகத்தை எழுதியது நீதானா என்று கேட்டு, ஆமாம் என்றதும் ப்ளூமைக் கம்யூனிஸ்ட் என்று திட்டிவிட்டு இணைப்பைத் துண்டித்ததும் உண்டு. மாதவிடாயைப் பற்றி எழுதியதற்காகவா, மதத்தைப் பற்றி எழுதியதற்காகவா, எதற்காக அந்த வசவு என்று தனக்கு இன்றுவரை புரியவில்லை என்று ப்ளூம் பிறகு எழுதினார். புத்தகத்தில் இரண்டுமே இருக்கின்றன.

மார்கரெட் சைமனுக்கு வயது பதினொன்று முடிந்து பன்னிரண்டு நடக்கிறது. அப்பா யூதர், அம்மா கிறிஸ்தவர். இரண்டு பக்கத்து மதமும் வேண்டாம், பெரியவளானதும் அவளே முடிவு செய்துகொள்ளட்டும் என்று வளர்த்த வீடு. நியூயார்க் நகரத்திலிருந்து நியூ ஜெர்சியில் ஃபார்புரூக் என்ற கற்பனை ஊருக்குக் குடும்பம் வீடு மாற்றுகிறது. புது ஊர், புதுப் பள்ளி. பக்கத்தில் குடியிருக்கும் நான்சி வீலர் முதல் நாளே வந்து இவளைச் சேர்த்துக்கொள்கிறாள். நான்கு சிறுமிகள் கூடி ஒரு ரகசிய சங்கம் வைக்கிறார்கள். கூட்டத்துக்கு வரும்போது எல்லோரும் பிரா போட்டிருக்க வேண்டும், முதலில் வயதுக்கு வருகிறவள் மற்றவர்களிடம் ஒன்று விடாமல் சொல்ல வேண்டும் என்பவை சங்கத்தின் விதிகள். மார்பு வளர்வதற்கென்று கையை மடக்கிப் பின்னால் தள்ளும் ஒரு பயிற்சியையும், அதற்கு ஒரு கோஷத்தையும் வைத்திருக்கிறார்கள்.

இதில் பெரும்பகுதி ப்ளூமின் சொந்தப் பள்ளி நாள்களிலிருந்து வந்தது. 1938-இல் நியூ ஜெர்சியின் எலிசபெத் நகரில் ஒரு பல் மருத்துவரின் மகளாகப் பிறந்தவர் அவர். ஆறாம் வகுப்பில் தோழிகளோடு இதேபோல் ஒரு சங்கம் வைத்திருந்தார். வகுப்பிலேயே மெலிந்த, சிறிய உருவம். மற்றவர்களுக்கு வந்ததெல்லாம் தமக்கு ஏன் வரவில்லை என்று காத்திருந்த சிறுமி. மார்கரெட்டைப் போலவே தனிமையில் கடவுளிடம் பேசும் பழக்கமும் அவருக்கு இருந்தது. திருமணம், குழந்தைகள் என்று ஆன பிறகு நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மாலை நேர எழுத்து வகுப்புக்குப் போனார். அனுப்பிய கதைகள் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் திரும்பித் திரும்பி வந்தன. கடைசியில் பிராட்பரி பிரஸ் என்ற சின்னஞ்சிறு பதிப்பகத்தில் ரிச்சர்ட் ஜாக்சன் என்ற பதிப்பாசிரியர் கிடைத்தார். இதை மாற்று, அதை வெட்டு என்று சொல்லாமல் கேள்வி கேட்டே எழுத வைக்கும் மனிதர். அவர் கையில்தான் மார்கரெட் புத்தகமானாள்.

காலத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். எஸ்.ஈ. ஹின்டனின் 'தி அவுட்சைடர்ஸ்' 1967-இல் வந்திருந்தது. பால் ஸிண்டெலின் 'தி பிக்மேன்' அதற்கு அடுத்த ஆண்டு. வளரிளம் பருவத்தினரின் கோபத்தையும் துக்கத்தையும் பூசி மெழுகாமல் எழுதலாம் என்ற துணிச்சல் அமெரிக்கப் பதிப்புலகத்துக்கு வந்துகொண்டிருந்த நேரம் அது. ஆனால் வளரும் பெண்ணின் உடம்பு மட்டும் இன்னும் கதைக்குள் வரவில்லை. அவளுக்குக் கிடைத்ததெல்லாம் பள்ளியில் போட்டுக்காட்டிய படங்கள். 1946-இல் நாப்கின் நிறுவனம் ஒன்றின் ஆதரவில் வால்ட் டிஸ்னி நிறுவனம் எடுத்த சுமார் பத்து நிமிடக் கார்ட்டூன் படம் பல ஆண்டுகள் பள்ளிகளில் ஓடியது. ப்ளூமின் கதையிலும் சிறுமிகளை மட்டும் தனியே உட்கார வைத்து அப்படி ஒரு படம் காட்டுகிறார்கள். உடம்பைப் பற்றித் தெரிந்துகொள்ள வந்த மார்கரெட்டுக்கு அது நாப்கின் விளம்பரமாகவே படுகிறது. அந்த நிறுவனத்தின் பொருளை வாங்குவதே இல்லை என்று மனதுக்குள் முடிவு செய்துகொள்கிறாள். ஒரு பதினொரு வயதுப் பெண் தன்னை ஏமாற்றுகிறார்கள் என்று எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்துவிடுகிறாள் என்பதை இந்த ஒரு காட்சியில் ப்ளூம் பிடித்துவிட்டார்.

கதையின் சிறப்பு சின்னச் சின்னக் காரியங்களில் இருக்கிறது. மார்கரெட் அம்மாவோடு துணிக்கடைக்குப் போகிறாள், முதல் பிரா வாங்க. விற்பனைப் பெண் நாடாவால் அளந்து பார்த்துவிட்டு, இந்தப் பிரிவில் உனக்கு ஒன்றும் இல்லை, வளரிளம் பெண்கள் பிரிவுக்குப் போங்கள் என்கிறாள். இன்னோர் இடத்தில் மார்கரெட்டும் தோழி ஜேனியும் மருந்துக் கடைக்குப் போய் நாப்கின் வாங்குகிறார்கள். பணம் வாங்கும் இடத்தில் ஒரு பையன் நிற்கிறான். அவன் நிமிர்ந்து பார்ப்பதற்குள் பணத்தைக் கொடுத்துப் பையை வாங்கிக்கொண்டு வெளியே ஓடிவிட வேண்டும் என்ற தவிப்பு. வீட்டுக்கு வந்ததும் துணி அலமாரிக்குள் போய்க் கதவை மூடிக்கொண்டு, இருட்டில் அதைப் போட்டுப் பார்க்கிறாள். இன்னும் தேவைப்படாத ஒரு பொருளை, அது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்வதற்காக. நாப்கினைச் செய்தித்தாளில் சுற்றிக் கறுப்புப் பையில் போட்டுத் தரும் நம் ஊர் மருந்துக் கடையில் நின்ற எந்தப் பெண்ணுக்கும் இந்தப் பக்கங்களுக்கு விளக்கவுரை தேவைப்படாது.

அந்தப் பருவத்தை நாம் வேறு மாதிரி நடத்துகிறோம். பந்தல் போட்டு, தாய்மாமன் சீர் வரிசை வைத்து, சிறுமியின் படத்தை ஃப்ளெக்ஸில் அடித்துத் தெருமுனையில் நிறுத்துகிறோம். மார்கரெட்டின் ஊரில் யாருக்கும் தெரியக்கூடாது, நம் ஊரில் எல்லோருக்கும் தெரிய வேண்டும். ஆனால் மேடையில் பட்டுப்புடவை கட்டி உட்காரவைக்கப்பட்ட சிறுமியின் மனதில் என்ன ஓடுகிறது என்று கேட்பவர் அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. ப்ளூம் கேட்டார். அதனால்தான் நியூ ஜெர்சியில் நடக்கும் இந்தக் கதை இவ்வளவு தூரம் தள்ளி இருக்கும் நமக்கும் ஒட்டுகிறது.

இந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேசும் எல்லோரும் மார்கரெட்டின் காத்திருப்பைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது லாரா டேங்கர். வகுப்பிலேயே உயரமான பெண், மற்றவர்களுக்கு முன்பே வளர்ந்துவிட்டவள். நான்கு தோழிகளும் இரவும் பகலும் எதை வேண்டிக்கொள்கிறார்களோ அது அவளுக்கு எப்போதோ கிடைத்துவிட்டது. அதற்காக அவளைப் பார்த்து யாரும் பொறாமையை ஒத்துக்கொள்வதில்லை. அவளையும் பையன்களையும் சேர்த்து நான்சி ஒரு கதை கட்டுகிறாள், அது வகுப்பு முழுக்கப் பரவுகிறது, மார்கரெட்டும் நம்புகிறாள். பள்ளி வேலைக்காக இருவரும் ஒரே குழுவில் சேர்ந்து நூலகத்தில் உட்கார்ந்திருக்கும்போது, ஏதோ ஓர் எரிச்சலில், அந்த வதந்தியை லாராவின் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறாள்.

லாரா திருப்பித் திட்டுவதில்லை. நான்காம் வகுப்பிலேயே பிரா போட வேண்டி வந்தால், எல்லோரும் உன்னைப் பார்த்துச் சிரித்தால், உனக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்திருக்கிறாயா என்று கேட்கிறாள். எழுந்து போய்விடுகிறாள். மார்கரெட் அவள் பின்னாலேயே ஓடுகிறாள். லாரா கத்தோலிக்கப் பெண், மாதா கோயிலுக்குள் போகிறாள். அவளைத் தேடிக்கொண்டு உள்ளே போன மார்கரெட் பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குள் நுழைந்து, என்ன சொல்வதென்று தெரியாமல் வாயடைத்து, தப்பித்தால் போதுமென்று வெளியே ஓடிவருகிறாள். எந்த மதத்தையும் சேராத ஒரு குழந்தை, தான் செய்த தவற்றை யாரிடம் போய்ச் சொல்வது என்று தவிக்கும் அந்த இடம்தான் இந்த நாவலின் உயிர். உடம்பைப் பற்றிய கவலையும் கடவுளைப் பற்றிய கேள்வியும் தனித்தனியாக ஓடிக்கொண்டிருந்தவை, லாராவின் காரணமாக அங்கே ஒன்றாகச் சேருகின்றன. உன் உடம்பை நேசி என்று புத்தகத்தில் எந்தப் பக்கத்திலும் யாரும் சொல்வதில்லை. சீக்கிரம் வளர்ந்தவளுக்கும் வலிக்கிறது, வளராதவளுக்கும் வலிக்கிறது என்று ஒருத்தி இன்னொருத்தியைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறாள். மார்கரெட் தன்னை ஏற்றுக்கொள்வது அங்கிருந்துதான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். நான்சியின் பொய் வெளிப்படுவதும் அப்படித்தான். தனக்கு வந்துவிட்டது என்று வெளியூரிலிருந்து அஞ்சலட்டை எழுதிப் பெருமையடித்தவள், பிறகு ஒருநாள் ஓட்டல் கழிப்பறையில் உண்மையிலேயே வந்துவிட, பயந்து அழுகிறாள். எல்லோரையும் ஆட்டிவைத்த பெண்ணின் பயத்தை மார்கரெட் அன்று நேரில் பார்க்கிறாள்.

வெளியான ஆண்டே 'நியூயார்க் டைம்ஸ்' தன் சிறந்த சிறுவர் நூல்கள் பட்டியலில் இதைச் சேர்த்தது. ஆனாலும் புத்தகத்தை நாடெங்கும் கொண்டுசேர்த்தது டெல் நிறுவனம் போட்ட மலிவான பேப்பர்பேக் பதிப்பு. கெட்டி அட்டைப் புத்தகத்தை நூலகமோ பெற்றோரோதான் வாங்க வேண்டும். பேப்பர்பேக்கைச் சிறுமி தன் கைச்செலவுக் காசில் தானே வாங்கிவிடலாம். தலைமையாசிரியரைத் தாண்டிப் போக இந்த வழி போதுமானதாக இருந்தது. ஒருத்தி வாங்கியதை வகுப்பே படித்தது. அக்காவிடமிருந்து தங்கைக்கு, முகாமில் ஒரு படுக்கையிலிருந்து அடுத்த படுக்கைக்கு என்று அது கைமாறிப் போனது. தாங்கள் ஒளித்துப் படித்த அதே பிரதியை மகளிடம் கொடுத்த தாய்மார்கள் அமெரிக்காவில் ஏராளம்.

படித்தவர்கள் எழுதியவருக்கே கடிதம் போட ஆரம்பித்தார்கள். மாதத்துக்கு ஆயிரக்கணக்கில் வந்த காலமும் உண்டு. வீட்டில் கேட்க முடியாததை, டாக்டரிடம் சொல்ல முடியாததை, தோழியிடமும் மறைத்ததை யாரென்றே தெரியாத ஓர் எழுத்தாளருக்குச் சிறுமிகள் எழுதினார்கள். அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்து 1986-இல் 'லெட்டர்ஸ் டு ஜூடி' என்று ஒரு நூலே கொண்டுவந்தார் ப்ளூம், முக்கியமாகப் பெற்றோர் படிப்பதற்காக. அவருடைய கையெழுத்துப் படிகளும் கடிதத் தொகுப்பும் இப்போது யேல் பல்கலைக்கழகத்தின் பைனகி நூலகத்தில் இருக்கின்றன. தாளில் பென்சிலால் எழுதிய அந்தக் கேள்விகளுக்கு ஆய்வு நூலகத்தில் இடம் கிடைத்ததில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.

1980-க்குப் பிறகு எதிர்ப்பு அமைப்பாகத் திரண்டது. அதிபர் தேர்தலில் ரீகன் வெற்றி பெற்ற அந்த ஆண்டிலிருந்து பள்ளி நூலகங்களிலிருந்து புத்தகங்களை அகற்றச் சொல்லும் குரல்கள் பெருகின. மாதவிடாயைப் பேசுகிறது, குழந்தை மதத்தைத் தானே தேர்ந்தெடுக்கலாம் என்கிறது என்று இரண்டு பக்கத்திலிருந்தும் மார்கரெட்டைப் பிடித்தார்கள். அமெரிக்க நூலகச் சங்கம் 1990-களில் அதிகம் எதிர்ப்புக்குள்ளான 100 நூல்களைப் பட்டியலிட்டபோது இது 60-ஆவது இடத்தில் இருந்தது. அடுத்த பத்தாண்டுப் பட்டியலில் 99-ஆவது. ப்ளூம் தணிக்கைக்கு எதிரான தேசியக் கூட்டமைப்போடு சேர்ந்து வேலை செய்தார். தன் புத்தகங்களுக்காக மட்டும் அல்ல, தடைக்குள்ளான மற்ற எழுத்தாளர்களுக்காகவும், வேலையைப் பணயம் வைத்துப் புத்தகத்தை அலமாரியில் வைத்துக்கொண்ட ஆசிரியர்கள், நூலகர்களுக்காகவும்.

இவ்வளவு கைகள் மாறிய பிறகும் நாவலின் வாசகம் ஏறக்குறைய அப்படியே இருந்தது, ஒரே ஒரு பொருளைத் தவிர. மார்கரெட் அலமாரிக்குள் இருட்டில் போட்டுப் பார்த்தது பெல்ட் வைத்த நாப்கின். இடுப்பைச் சுற்றி ஓர் எலாஸ்டிக் பட்டை. அதிலிருந்து முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என இரண்டு கொக்கிகள் தொங்கும். நாப்கினின் இரண்டு முனைகளிலும் நீளமாக விட்டிருக்கும் வலைத்துணியைக் கொக்கிக்குள் செலுத்தி இழுத்து மாட்ட வேண்டும். சரியாக மாட்டாவிட்டால் நழுவும், இறுக்கினால் உறுத்தும். நம் ஊரிலும் இதைப் பயன்படுத்திய தலைமுறை இன்னும் இருக்கிறது. கதை வெளிவந்த காலத்தை ஒட்டியே பின்பக்கம் பசை வைத்த, உள்ளாடையில் ஒட்டிக்கொள்ளும் நாப்கின் அமெரிக்கச் சந்தைக்கு வந்துவிட்டது. சில ஆண்டுகளில் பெல்ட் காணாமல் போனது. மார்கரெட் மட்டும் மறுபதிப்புக்கு மறுபதிப்பு கொக்கியோடு போராடிக்கொண்டிருந்தாள். புதிதாகப் படித்த சிறுமிகளுக்கு அவள் என்ன செய்கிறாள் என்றே விளங்கவில்லை. கடைசியில் 1990-களில் பெல்ட்டை எடுத்துவிட்டு ஒட்டும் நாப்கினைப் போட ப்ளூம் சம்மதித்தார்.

பெல்ட்டோடு படித்து வளர்ந்த சிலருக்கு இந்த மாற்றம் பிடிக்கவில்லை. அவர்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் ப்ளூம் செய்தது சரி என்றே சொல்வேன். இந்தப் புத்தகம் நூலக ஆவணமாக இருக்க எழுதப்பட்டதல்ல. நாளைக்கு வந்துவிடுமோ என்று பயந்துகொண்டிருக்கும் ஒரு குழந்தை இன்றிரவு படித்துத் தெரிந்துகொள்ள எழுதப்பட்டது. அவளுக்குப் புரியாத ஒரு கருவி வழியை மறித்து நின்றால் அதை எடுத்துவிடுவதுதான் நியாயம்.

மார்கரெட்டுக்குப் பின்னால் பல பெண்கள் வந்தார்கள். ப்ளூமே 1973-இல் 'டீனி' எழுதினார். மாடலாக வேண்டும் என்று அம்மா ஆசைப்படும் பெண்ணுக்கு முதுகெலும்பு வளைவு என்று தெரிந்து, கழுத்திலிருந்து இடுப்புவரை இரும்பும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த கவசத்தை ஆண்டுக்கணக்கில் மாட்டியிருக்க வேண்டிய கதை. அடுத்த ஆண்டு 'ப்ளப்பர்'. பருமனான சக மாணவியை வகுப்பே சேர்ந்து வதைக்கும் கதை, வதைக்கும் கூட்டத்தில் ஒருத்தியே சொல்கிறாள். படிக்கக் கடினமான, ஆனால் படித்தே ஆக வேண்டிய புத்தகம். 2015-இல் ஜூலி மர்ஃபியின் 'டம்ப்ளின்' வந்தபோது, டெக்சாஸின் பருமனான பெண் அழகிப் போட்டி மேடையிலேயே ஏறினாள். இன்றைய வளரிளம் நாவல்களின் நாயகிகள் தங்கள் உடம்பைப் பற்றி வெளிப்படையாக, உரக்கப் பேசுகிறார்கள். அந்தக் குரலுக்கு அடி போட்டது, அலமாரி இருட்டில் கடவுளிடம் மட்டும் மெல்லப் பேசிய மார்கரெட்தான்.

ப்ளூமின் புத்தகங்கள் எல்லாம் சேர்த்து 9 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கின்றன. 2004-இல் அமெரிக்கத் தேசியப் புத்தக அறக்கட்டளை அவருடைய பங்களிப்புக்காகப் பதக்கம் வழங்கியது. ஆனால் மார்கரெட்டைப் படமாக்கக் கேட்டவர்களுக்கு மட்டும் பல பத்தாண்டுகள் உரிமை கொடுக்காமலே இருந்தார். கெல்லி ஃப்ரீமன் கிரெய்க் என்ற இயக்குநர் வந்து கேட்டபோது இசைந்தார். ஏப்ரல் 2023-இல் படம் வெளிவந்தது. ஏபி ரைடர் ஃபோர்ட்சன் மார்கரெட்டாகவும், ரேச்சல் மெக்காடம்ஸ் அம்மாவாகவும், கேத்தி பேட்ஸ் பாட்டியாகவும் நடித்தார்கள். கதையை இந்தக் காலத்துக்கு இழுத்துவராமல் 1970-லேயே வைத்திருந்தார்கள். அம்மாவுக்கு நாவலில் இருப்பதைவிட அதிக இடம் கொடுத்தார்கள். மகளின் உடம்பு மாறும் அதே ஆண்டில் தாயும் தன் வாழ்க்கைக்குள் பொருந்தாமல் தடுமாறுவதைப் படம் நன்றாகவே காட்டுகிறது.

படம் திரைக்கு வந்த அதே வசந்தகாலத்தில்தான் ஃபுளோரிடா மாநிலச் சட்டமன்றத்தில் ஒரு மசோதா விவாதத்தில் இருந்தது. ப்ளூம் இப்போது வசிப்பது அந்த மாநிலத்தில். தென்கோடியில் இருக்கும் கீ வெஸ்ட் என்ற தீவில் 2016-இல் கணவரோடு சேர்ந்து லாப நோக்கமில்லாத புத்தகக் கடை ஒன்றைத் தொடங்கி, தானே நின்று புத்தகம் விற்றுவந்தார். பாலியல், உடல்நலம் தொடர்பான பாடங்களை ஆறாம் வகுப்பிலிருந்துதான் பள்ளியில் சொல்லித்தரலாம் என்பது மசோதா. குழு விவாதத்தில் ஒரு பெண் உறுப்பினர் கேட்டார்: ஐந்தாம் வகுப்பிலோ நான்காம் வகுப்பிலோ மாதவிடாய் வந்துவிட்ட சிறுமி அதைப் பற்றிப் பள்ளியில் பேச முடியாதா? மசோதாவைக் கொண்டுவந்தவர், முடியாது என்று ஒத்துக்கொண்டார். செய்தி வந்ததும் ப்ளூம் மார்கரெட்டின் பெயரைச் சொல்லி, அவளிடம் வருத்தம் தெரிவித்து இணையத்தில் ஒரு வரி எழுதினார். மே மாதம் ஆளுநர் கையெழுத்திட, மசோதா சட்டமானது.

கதைப்படி மார்கரெட் ஆறாம் வகுப்பு மாணவி. இன்றைய ஃபுளோரிடாவில் அவள் படித்தால் சட்டப்படி அவளுக்குப் பாடம் நடத்தலாம். நான்காம் வகுப்பிலேயே உடம்பு மாறி, அதற்காக வகுப்பே கேலி செய்த லாரா டேங்கர் இன்னும் இரண்டு ஆண்டு பொறுத்திருக்க வேண்டும்.